தலையெழுத்தை மாற்றிய மாத்திரை

“நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான்! நெஞ்சு வலிக்கிறது என்றான், சாய்ந்துவிட்டான். விதி முடிந்தது, போய்விட்டான்!”

இழவு வீட்டுத் திண்ணையிலே நாம் கேட்டுக்கேட்டுப் புளித்த பேச்சு இது.

விதியா? இல்லை, தோழர்களே! இரத்தக் குழாய்ச் சுவரிலே பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. அங்கே இரத்தம் உறைகிறது. இதயத்துக்கு வழி அடைபடுகிறது. இதை எழுதிய ஆண்டவன் எவனுமில்லை. ஏமாந்த ஏழைகள் நாம்தான்!

கொலஸ்ட்ரால் எனப்படும் அந்தக் கொழுப்பிலே பெரும்பகுதியை நம் உடலே, குறிப்பாகக் கல்லீரலே, உண்டாக்குகிறது. அதைத் தடுக்க வழி தேடினார் ஒருவர். அரண்மனையிலே பிறந்தவரல்ல, அருள்வாக்குச் சொன்னவருமல்ல. ஜப்பான் நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளை, அகிரா எண்டோ. ஏறக்குறைய 6000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். 1973-இல் பூஞ்சை ஒன்றிலே கண்டெடுத்தார், ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்தை. நாம் அருவருத்து எறியும் பூஞ்சையிலே அறிவு கண்டது அருமருந்து!

பலன் என்ன? 1994-இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு பேசுகிறது. இதயநோய் கண்டவர் 4444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின். மீதிப் பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. ஐந்தாண்டுக்கு மேல் கவனித்தனர். வெற்று மாத்திரை உண்டவரிலே 256 பேர் மாண்டனர்; மருந்து உண்டவரிலே 182 பேர். தலையெழுத்து மெய்யென்றால், அதை ஒரு மாத்திரை மாற்றியது எப்படி? பதில் சொல்லட்டும் பழமையின் காவலர்கள்!

மாளிகைவாசிக்கு மட்டுமான மருந்தா இது? அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலே சிம்வாஸ்டாட்டின் உண்டு. பழைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. பல கம்பெனிகள் செய்கின்றன. எனவே, அரசு மருத்துவமனைகளிலே தட்டுப்பாடின்றி இது கிடைக்கவேண்டும். ‘இருப்பு இல்லை’ என்ற பதிலை ஏற்கமாட்டோம் நாம்!

ஆலைத் தோழரே! உமக்கும் கடமை உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்டவரா? சர்க்கரை நோயுள்ளவரா? மருத்துவரைக் கேளும். வலியில்லையே என்று மாத்திரையை நீராகவே நிறுத்தாதீர். தசைவலி கண்டால் மருத்துவரிடம் சொல்லும். அளவைக் குறைப்பார், வேறு மருந்து தருவார். பீடியை மட்டும் இன்றே வீசும். அந்தப் புகை செய்யும் கேட்டை மாத்திரை துடைக்காது.

கிளைக்கழகத் தோழர்களே! இழவு வீட்டுக்கு மாலை ஏந்திப் போகுமுன், இருப்பவர் வீட்டுக்கு இந்தச் செய்தியை ஏந்திச் செல்லுங்கள். விதியை நம்பியது போதும். மதியை நம்பி வாழ்வோம்!