வீட்டிலிருக்கும் தந்தை ‘சும்மா’ இருப்பவரா?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வெளியே சென்று பொருள் தேடுவது ஆணுக்கு அழகு. வீட்டினுள் இருந்து அதைக் காப்பது பெண்ணுக்கு அழகு என்று முன்னோர் நடுவே ஒரு வேலி போட்டு வைத்தார்கள். அந்த வேலியின் ஒரு பக்கம் இன்று சாய்ந்துவிட்டது. பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள், கல்லூரிக்கு வந்தார்கள், ஆலைக்கும் அலுவலகத்திற்கும் வந்துவிட்டார்கள். மறுபக்கமோ அசையாமல் நிற்கிறது. வெளியே வந்த பெண்ணை வரவேற்கக் கற்றுக்கொண்ட சமுதாயம், உள்ளே சென்ற ஆணை ஏற்றுக்கொள்ள இன்னும் கற்கவில்லை. மனைவி வேலைக்குச் செல்கிறாள், கணவன் வீட்டிலிருந்து குழந்தைகளை வளர்க்கிறான் என்றால் ஊர் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘சும்மா’ என்னும் சொல்

வேலைக்குப் போகாத ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்பார்கள். அவளே கூட அப்படித்தான் சொல்வாள். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, இரவு பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுப் படுப்பவள் ‘சும்மா’ இருக்கிறாளாம்!

2019ஆம் ஆண்டு நம் நாட்டில் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பெற்றது. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் மக்கள் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டறிந்த கணக்கு அது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டிருந்தார்கள். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடம். ஆண்களின் நேரம் 88 நிமிடம். ஐந்தாண்டு கழிந்தும் இடைவெளி அப்படியே இருக்கிறது என்பதைக் காண்க.

வீட்டுப்பணிக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. சாலை விபத்தில் இறந்துபோன தம்பதியரைப் பற்றிய வழக்கொன்றில், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2021 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடவில்லை. ‘உரிமைத்தொகை’ என்றே பெயரிட்டது. ஆக, வீட்டுப்பணியும் பணியே என்று நீதிமன்றமும் அரசும் ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் பெண் செய்யும்போது பணியாக இருப்பது, ஆண் செய்யும்போது மட்டும் சோம்பல் ஆகிவிடுமா?

வீட்டிலிருக்கும் தந்தையை நாம் ஏன் இகழ்கிறோம்? அவர் செய்யும் வேலையை நாம் முன்பே இகழ்ந்து வைத்திருப்பதனால்தான். அவர்மீது எறியப்படும் கல் உண்மையில் நம் தாய்மார் மீதே விழுகிறது. இதுவே நான் சொல்ல விரும்பும் கருத்து.

ஒரு வீட்டின் கதை

எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. என் தந்தையார் விசைத்தறி ஓட்டியவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் வலக்கை விரல்களில் அடிபட்டுத் தறியை விட்டார். அம்மா பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கினார். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். தங்கை அப்போது அங்கன்வாடிக் குழந்தை. அன்று முதல் எங்கள் வீட்டில் அடுப்பு அப்பாவினுடையது. ரேஷன் கடை வரிசை அவருடையது. காய்ச்சல் இரவுகளும் அவருடையவை. அடிபட்ட கையோடு தங்கைக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் வகிடு கோணலாகத்தான் இருந்தது. இப்போது திருவிழா நாளில் பக்கத்து வீட்டுச் சிறுமியரும் சீப்போடு வந்து நிற்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் ஒன்றில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வீட்டுப் பராமரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டு, ‘வேலை இல்லை’ என்று எழுதினார். தாயின் தொழில் ‘இல்லத்தரசி’ என்று எழுதப்பட்ட படிவத்தை எவரும் அடித்துத் திருத்துவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உடன் வந்திருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், “பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடற நேரமாச்சு, வா கண்ணு” என்றார். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அம்மாவின் சம்பளத்தால்தான் படிக்கிறான் என்று உறவினர் சொல்வர். அது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தச் சம்பளம் ஒரு நாளும் தடைபடாமல் வருவதற்கு யார் காரணம்? குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க நேராதபடி பார்த்துக்கொண்டவர் யார்? அந்தக் கணக்கை மட்டும் எவரும் போடுவதில்லை.

இயற்கை சொல்வதென்ன?

‘குழந்தை வளர்ப்பு தாய்க்கே இயல்பானது, ஆணுக்கு அது வராது’ என்று சிலர் இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். விலங்கியல் மாணவன் என்ற முறையில் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறேன்.

மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரையில் முட்டைகளைத் தன் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது ஆண். நம் குளங்களில் அல்லி இலைகள் மேல் நடந்து திரியும் நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண். அண்டார்க்டிகாவின் கடுங்குளிரில் பேரரசப் பெங்குவினின் பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இரை தேடப் போய்விடும். சேவலோ அந்த ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் ஏந்தி, ஏறத்தாழ இரண்டு மாதம் உணவின்றி நின்று காக்கும்.

மனிதன் பறவையல்லவே என்று கேட்கலாம். மனிதனைப் பற்றியும் ஆய்வு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தந்தையான ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் பெரிதும் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களிடம் அது, குழந்தையைக் கவனிக்காத தந்தையரைவிடக் குறைவாகக் காணப்பட்டது. குழந்தையை ஏந்தும் கைக்கேற்ப ஆணின் உடலும் மாறுகிறது என்பதே இதன் பொருள். கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் தாயால் மட்டுமே இயலும். குளிப்பாட்டவும், தாலாட்டவும், சோறூட்டவும், கைப்பிடித்து நடத்தவும் எந்த உறுப்பு ஆணுக்குக் குறைந்துவிட்டது?

சட்டம் காணாத தந்தை

பழக்கம் மட்டுமன்று, சட்டமும் தந்தையைக் காண மறந்தே வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண் தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. முந்நூறு ஆண்கள் வேலை செய்தாலும் அங்கே காப்பகம் தேவைப்படவில்லை. அவர்களுக்குக் குழந்தைகளே இல்லை என்று எண்ணினார்கள் போலும்! 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. காப்பகத்தில் உள்ள குழந்தையை நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கத் தாய்க்கு உரிமை தந்தது. பாராட்டத்தக்கதே. ஆனால் அதில் தந்தைக்கு ஒரு நாள் விடுப்பும் இல்லை. மைய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் உண்டு. தொட்டில் கட்டி முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். 2020இல் இயற்றப்பெற்ற தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, காப்பகத்திற்கு ஆண் பெண் பாராமல் 50 தொழிலாளர் என்று எண்ணுவது நல்ல தொடக்கம்.

சட்டம் வழக்கத்தை மாற்றுமா என்று ஐயுறுவோர் சுவீடன் நாட்டை நோக்கலாம். மகப்பேற்று விடுப்பைத் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான விடுப்பாக 1974இல் மாற்றிய முதல் நாடு அது. தொடக்கத்தில் தந்தையர் முன்வரவில்லை. பெயர்பெற்ற பளுதூக்கும் வீரர் ஒருவர் கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் படத்தை அரசே விளம்பரமாக வெளியிட்டது. பின்னர் 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும். 2016 முதல் மொத்தம் 480 நாளில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் தனியே ஒதுக்கப்படுகிறது. இன்று அந்நாட்டுத் தெருக்களில் குழந்தை வண்டி தள்ளிச் செல்லும் ஆணை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுப்புக்கு மறுமொழி

‘குடித்துவிட்டுத் திண்ணையில் கிடந்து, மனைவியின் கூலியைப் பறிப்பவனும் வீட்டிலிருக்கும் தந்தைதானோ?’ என்று ஒரு தோழி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் இருப்பது வேறு. வீட்டைப் பார்ப்பது வேறு. உழைக்காமல் உண்பவனுக்காக நான் வழக்காடவில்லை. அவனையும், நாளெல்லாம் உழைப்பவரையும் ஒரே சொல்லால் ஏசுவதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண் ஒரு நாள் சமைத்தால் அதைத் தியாகம் என்று தெருவே புகழ்கிறது. பெண் ஆயுள் முழுதும் சமைத்தாலும் அது கடமை என்று முடிந்துவிடுகிறது. இந்தப் புகழ்ச்சியும் அந்த இகழ்ச்சியும் ஒரே மரத்துக் காய்கள்தாம். ஆணுக்கு மாலையும் வேண்டாம், கல்லும் வேண்டாம். வேலைக்கு உரிய மரியாதை போதும்.

நாம் செய்ய வேண்டியது

2019–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நம் வகுப்பறைகளில் நம்முடன் அமர்ந்திருக்கும் மாணவியரும் நாளை வேலைக்குச் செல்லவிருப்பவர்களே. அரசு உதவித்தொகை தந்து, பெற்றோர் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்து, அவர்கள் பெறும் பட்டம் முதல் குழந்தையின் தொட்டிலோடு பரணுக்கு ஏறிவிடலாமா? அதைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் மாணவர்களாகிய நாமும்தான்.

ஆகவே தோழர்களே, சிறியவற்றிலிருந்து தொடங்குவோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சமையற்குழுவுக்கு மாணவியர் பெயர்களை மட்டும் எழுதும் எண்ணம் வந்தால் அதை விட்டொழிப்போம். விடுமுறையில் வீட்டிற்குச் சென்றால் உண்ட தட்டை நாமே கழுவுவோம். நாளை நம்முள் சிலர் அலுவலகத்தில் எழுத்தராக அமரும்போது, ‘வீட்டுப் பராமரிப்பு’ என்று எழுதி வரும் படிவத்தைச் சிரிக்காமல் வாங்கிக்கொள்வோம்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழகத்தில் அது சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. விடுப்புக்கும் காப்பகத்திற்கும் சட்டம் வேண்டும், கேட்போம், காத்திருப்போம். ஆனால் துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு எந்த அரசாணைக்காகக் காத்திருக்கிறோம்?