பூஜ்யத்துக்கும் தேதி வேண்டும்!

தேவாரத்தில் யாரிடமாவது ஏலக்காய் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, எதிர்க்கேள்விதான் வரும். 'இன்னைக்கு ஏலமா, நேத்து ஏலமா? போடியா, புத்தடியா? பெரிய காயா, பொடிக் காயா?' இந்த மூன்றும் கேட்காமல் விலை சொல்கிறவரை ஊரில் வியாபாரி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதும் இதே காய்தான். 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே வந்து படுத்துக்கொண்டதும் இதே காய்தான். தேதி இல்லாத விலை, விலையே இல்லை.

இவ்வளவு உஷாரான ஊரில் ஒரு பேராசிரியர், தேதியே போடாத ஒரு வரி கால்குலேட்டரை நம்பிவிட்டார். அது என் மருமகன் பராமரிக்கிற கால்குலேட்டர் என்பதுதான் இதில் விசேஷம்.

மருமகன் என்றால் அக்கா மகன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. 14 நாட்டுக்கு வரி கால்குலேட்டரைச் சரியாக வைத்திருக்க வேண்டும். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஹாரன் அடிக்கும்போதுதான் இவன் படுக்கப் போகிறான். பிப்ரவரி 1, மத்திய பட்ஜெட் அன்று, சாப்பாடுகூடக் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

"வரி எவ்வளவுன்னு மாத்துறதுக்கு என்னடா கஷ்டம்? பழைய நம்பரை அழிச்சிட்டுப் புது நம்பர் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அழிக்கவே கூடாது மாமா. போன வருஷத்துக் கணக்கை இந்த வருஷம் திருத்துறவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பழைய நம்பர்தானே சரி? அதுவும் போக, வருஷம்னா எந்த வருஷம்? நமக்கு ஏப்ரல் 1. சிங்கப்பூருக்கு ஜனவரி 1. ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை 1. பிரிட்டனுக்கு ஏப்ரல் 6."

"ஆறா? ராகு காலம் பார்த்தாங்களா?"

கிட்டத்தட்ட அப்படித்தானாம். 1752-ல் பிரிட்டன் காலண்டரைத் திருத்தியபோது 11 நாளைத் தூக்கிவிட்டார்கள். அந்த 11 நாள் வரியை விட கஜானாவுக்கு மனசு வரவில்லை. வரி வருஷத்தை நீட்டிக்கொண்டது. அந்த ஒட்டுதான் இன்னும் பிரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பேராசிரியர் செல்போனோடு உள்ளே வந்தார். ஓய்வுபெற்றவர், அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, உன் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். 2025-26-க்கு எனக்கு வரி பூஜ்யம்! அந்தக் காசுல ஸ்டோருக்குத் தகரம் மாத்திடலாம்னு ஆள்கிட்ட சொல்லிட்டேன்."

ஸ்டோர் என்றால் கடை இல்லை. மலைமேல் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம்.

மருமகன் மெதுவாகக் கேட்டான். "சார், பென்ஷன் எவ்வளவு போட்டீங்க?"

"பத்தே முக்கால் லட்சம்."

"தோட்ட வருமானம்?"

"அதுக்குக் கட்டமே இல்லையேப்பா. விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே!"

மருமகன் முகம் வெளிறிவிட்டது. செலவு போகத் தோட்டத்தில் எட்டு லட்சம் நின்றதாம். ஒரு காகிதம் எடுத்துக் கையாலேயே கணக்குப் போட்டான்.

நீங்களும் கூடவே வாருங்கள், பெரிய வித்தை இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போடுவதில்லை, வாஸ்தவம். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரியில்லாத வரம்பைத் தாண்டினால், ஏலக்காயைப் பென்ஷனுக்குக் கீழே முக்காலியாகப் போட்டு உயரம் அளப்பார்கள். முக்காலிக்கு வரி இல்லை. அதன்மேல் நிற்கிற பென்ஷனுக்கு எட்டுகிற விகிதம் கூடிவிடும்.

புதிய முறைப்படி நிலையான கழிவு 75,000 போகப் பென்ஷன் 10 லட்சம். அதோடு ஏலக்காய் 8 லட்சம். ஆக 18 லட்சத்துக்கு வரி 1,60,000. இதில், ஏலக்காய் 8 லட்சத்தோடு வரியில்லா வரம்பு 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 12 லட்சத்துக்கான வரி 60,000-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் ஒரு லட்சம். '12 லட்சம் வரை வரியில்லை' என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அந்தத் தள்ளுபடி அதிகபட்சம் 60,000-தான். அது போக 40,000. நாலு சதவீத செஸ் 1,600. மொத்தம் 41,600 ரூபாய்.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். தகரம் அவர் கண்முன்னால் பறந்துகொண்டிருந்தது.

"அந்தக் கட்டத்தை ஏண்டா வைக்கலை?" என்றேன்.

"கேட்டேன் மாமா. 'இந்தியாவில் சம்பளமும் தோட்டமும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?'னு மேலிடத்துல கேட்டாங்க."

"இந்தத் தெருவுலயே ஒம்பது பேர் இருக்கோம்" என்றார் பேராசிரியர்.

வருமான வரித் துறையின் சொந்தக் கால்குலேட்டரில் 'நிகர விவசாய வருமானம்' என்று கட்டம் இருக்கிறது. கூடவே, எல்லாச் சூழ்நிலைக்கும் இது சரியான கணக்குத் தரும் என்று உரிமை கோரவில்லை என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாம்தான் விடையைப் பார்த்துவிட்டு எச்சரிக்கையைப் பார்ப்பதில்லை.

பேராசிரியர் தயங்கியபடி, "என் மக கிளாஸ்கோவுல இருக்கா. வருஷம் 50,000 பவுண்ட். அதையும் போட்டுப் பார்த்தேன்..." என்றார்.

"'பிரிட்டன்'னு போட்டீங்களா, 'ஸ்காட்லாந்து'ன்னு போட்டீங்களா?"

பிரிட்டன் என்றுதான் போட்டிருக்கிறார். ஸ்காட்லாந்து சம்பளத்துக்குத் தனி விகிதம் வைத்திருக்கிறது. 2025-26-ல் 50,000 பவுண்டுக்கு இங்கிலாந்தில் வருமான வரி 7,486 பவுண்ட். கிளாஸ்கோவில் ஏறத்தாழ 9,014. ஒரே ராஜா, 1,500 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். கால்குலேட்டர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. 'எந்த ஊர்?' என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவசரப்பட்டாலும் ஆபத்து. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் க்வாசி க்வார்டெங், 45 சதவீத உச்ச வரியை நீக்குவதாக அறிவித்தார். பத்தே நாளில், அக்டோபர் 3-ம் தேதி, அதை வாபஸ் வாங்கினார். அறிவிப்பைக் கேட்டதுமே நம்பரை மாற்றியவர்கள் திரும்பவும் உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான். அறிவித்தது வேறு, அமலுக்கு வந்தது வேறு. எதையுமே மாற்றாமல் சும்மா இருக்கலாம் என்றாலும் விடமாட்டார்கள். தனிநபர் வருமான வரியே இல்லாத ஓமன்கூட, 2028 முதல் 42,000 ரியாலுக்கு மேலே 5 சதவீதம் என்று 2025-ல் ஆணை போட்டுவிட்டது.

"நம்ம அரசாங்க சாஃப்ட்வேராவது..." என்று இழுத்தேன்.

அதற்கும் கதை இருக்கிறது. 2024 ஜூலை 5-ம் தேதி வரித் துறை தன் ரிட்டர்ன் மென்பொருளை மாற்றியது. முந்தின நாள் வரை, புதிய முறையில் குறுகிய காலப் பங்கு லாபத்துக்கும் 87ஏ தள்ளுபடி கேட்க முடிந்தது. மறுநாள் கேட்கவே வழி இல்லை. சட்டம் மாறவில்லை, மென்பொருள் மாறிவிட்டது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பது பிறகு, கேட்கிற உரிமையையே மென்பொருள் அடைத்துவிடக் கூடாது என்று 2025 ஜனவரி 24-ல் தீர்ப்பு வந்தது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் வருஷச் சட்டம் போய் 2025-ம் வருஷச் சட்டம். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நம்மை அறுபது வருஷம் குழப்பிய இரட்டையர் போய், 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. மருமகன் கும்பிடு போட்டு வரவேற்கிறான். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்ப்பலகை மாற்றுகிற வேலையும் அவனுக்குத்தான்.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. பேராசிரியரின் கணக்கைக் காகிதத்தில் இருந்தபடியே சோதனைக் கணக்காக ஏற்றினான். இனி எந்த நம்பரை மாற்றினாலும் இந்தக் கணக்குக்கு 41,600 வந்தாக வேண்டும். வராவிட்டால் மாற்றம் வெளியே போகாது. விவசாயக் கட்டத்துக்கு மேலிடத்தில் மறுபடியும் சண்டை போட்டான். கட்டம் வந்தது. விடைக்குக் கீழே ஒரு வரியும் வந்தது: எந்த நாடு, எந்த வருஷம், கடைசியாகச் சரிபார்த்த தேதி எது.

தகரம் மாற்றுவது அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது. நாலு நாள் கழித்துப் பேராசிரியர் மறுபடி வந்தார். நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லையே, வரி எவ்வளவுன்னு இப்ப சரியாச் சொல்லுதே!" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்னைக்குப் பார்த்தது?"