படகுக்குத் துரை யார்?

இத்தாலி தேசத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் நமது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்க மூன்று மணி நேரமாயிற்று. அந்த மூன்று மணி நேரமும் கோமோ ஏரியைத் தவிர வேறு பேச்சில்லை. தனிப்படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, தாமும் தம் குடும்பத்தாருமாக இரண்டு மணி நேரம் அந்த ஏரியில் உலாவியதை அவர் வர்ணித்ததைக் கேட்டால், ரோமாபுரிச் சக்கரவர்த்திகள்கூட அவ்வளவு சுகத்தை அனுபவித்திருப்பார்களா என்று சந்தேகம் தோன்றும்.

நண்பர் பிறந்த ஊர் குப்பனூர். சேலம் ஜில்லாவில் சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலையேறினால் ஏற்காடு, ஏற்காட்டின் நடுவிலே ஏரி, ஏரியிலே படகு. "அந்தப் படகில் எப்பொழுதாவது ஏறியிருக்கிறீரா?" என்று கேட்டோம்.

"அதுவா? அது நம்ம ஊர் ஏரிதானே, ஐயா!" என்றார்.

நம்ம ஊராக இருப்பதைவிடப் பெரிய குற்றம் ஓர் ஏரிக்கு வேறு என்ன வேண்டும்?

கோமோவைக் குறை கூறும் நோக்கம் நமக்குக் கடுகளவும் இல்லை. அதன் கீர்த்தி நியாயமான கீர்த்திதான். ஆதிகாலத்தில் பனியாறுகள் குடைந்து சென்ற பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. பரப்பு 146 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கு மேல். கவட்டைக் குச்சியைத் தலைகீழாக நட்டாற்போல் மூன்று கிளைகளாக நீண்டு கிடக்கிறது. காலையில் வடக்கேயிருந்து வீசும் காற்றுக்குத் திவானோ என்றும், நடுப்பகலுக்கு மேல் தெற்கேயிருந்து வீசும் காற்றுக்குப் பிரேவா என்றும் அங்குள்ள படகோட்டிகள் பெயரிட்டிருக்கிறார்கள். பாய் விரித்த காலத்தில் போகும் போது ஒரு காற்று, திரும்பும் போது ஒரு காற்று என்று இயற்கையே அவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

ரோமாபுரிப் பிரபுவான இளைய பிளினி என்பவருக்கு இந்த ஏரிக்கரையில் இரண்டு மாளிகைகள் இருந்தன. ஒன்றுக்குச் சோகநாடகம் என்றும், மற்றொன்றுக்கு ஹாஸ்யநாடகம் என்றும் பெயர் வைத்திருந்தார். சோகநாடக நடிகர்கள் அக்காலத்தில் உயர்ந்த பாதரட்சை அணிவார்களாம். ஆகையால் பாறையின்மேல் ஓங்கி நின்ற வீட்டுக்கு அந்தப் பெயர். நீரோரம் தாழ்ந்து நின்றது ஹாஸ்யநாடகம். அந்த வீட்டில் படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தூண்டில் போடலாம் என்று நண்பர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட அழகான சாசனம் ஒன்றை நாம் கண்டதில்லை.

பிளினியின் காலத்துக்குப் பின்னும் பணக்காரர்கள் அந்தக் கரையை விடவில்லை. மாளிகைகளின் பின்புறம் ரஸ்தாவைப் பார்த்திருக்கும். முகப்பும் தோட்டமும் படித்துறையும் ஏரியைப் பார்த்திருக்கும். ரஸ்தாவில் போகிறவனுக்கு மதில்தான் தெரியும். படகில் போகிறவனுக்கே மாளிகை தெரியும். தனிப்படகுக்கு அங்கே இத்தனை கிராக்கி ஏற்பட்டதன் ரகசியம் இதுதான். படகோட்டியோடு கூடிய தனிப்படகுக்கு மணிக்கு நூறு யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். 40 குதிரைச் சக்திக்குள் அடங்கிய இயந்திரப் படகானால் லைசென்ஸ் இல்லாமல் நாமே ஓட்டிக்கொண்டும் போகலாம். நமது நண்பர் அந்தத் துணிச்சலில் இறங்கவில்லை. அவருடைய மனைவியார் உடன் இருந்தது நல்லதாயிற்று. பணம் குறைந்தவர்களுக்கு வேறு வழியில்லாமலும் போகவில்லை. 1826-ஆம் ஆண்டிலேயே அந்த ஏரியில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றும் ஊருக்கு ஊர் நின்று செல்லும் பொதுக் கப்பல்கள் இருக்கின்றன. சாமான்ய ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு அதே மாளிகைகளை அதே தண்ணீரிலிருந்து பார்க்கிறார்கள்.

பால்பியானெல்லோ என்ற மாளிகையின் கதை வேறு விதமானது. அதன் கடைசிச் சொந்தக்காரர் கீதோ மொன்ஸீனோ என்பவர். 1973-இல் எவரெஸ்ட் சிகரத்துக்கு முதல் இத்தாலியக் கோஷ்டியை அழைத்துச் சென்றவர் அவரே. 1988-இல் அவர் காலமானபோது, தேசத்தின் கலைச்செல்வங்களைக் காக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்கு அதை எழுதிவைத்துப் போனார். இப்பொழுது சீட்டு வாங்கிய எவரும் அதன் தோட்டத்தில் உலாவலாம்.

நம் முன்னோர்கள் இத்தாலியை ஏரிக்காக அறியவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மாஜினிக்காகவும் கரிபால்டிக்காகவும் அறிந்தார்கள். லாலா லஜபதிராய் அவ்விருவருடைய சரித்திரத்தையும் எழுதினார். பாரதியார் மாஜினியின் சபதத்தைத் தமிழில் தந்தார். கோமோ நகரம் அக்காலத்தில் ஆஸ்திரியர்களின் பிடியில் இருந்தது. 1859-ஆம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி அருகிலுள்ள ஸான் பெர்மோவில் அந்நியப் படையை முறியடித்துவிட்டுத்தான் கரிபால்டியின் தொண்டர்கள் கோமோவுக்குள் நுழைந்தார்கள். நமது நண்பரின் படகோட்டி சினிமா நட்சத்திரங்களின் வீடுகளைக் காட்டினானாம், இதைச் சொல்லவில்லையாம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. கோமோ ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் சுமார் 650 அடிதான். சேலம் நகரமோ சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. மலையோரமான குப்பனூர்த் தெருவில் நிற்கிறவனும், கோமோவில் தனிப்படகில் மிதக்கிற சீமானைவிட உயரத்திலேதான் நிற்கிறான்! அங்கே மலைகளுக்குக் கீழே ஏரி. இங்கே மலைக்கு மேலே ஏரி. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரம். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்றாயிற்று என்பர். மலையுச்சியில் மேகத்தோடு மேகமாகப் படகு விடும் பாக்கியம் கோமோக்காரர்களுக்குக் கிடையாது.

சேலத்திலிருந்து பெரும்பாலோர் கோரிமேடு, அடிவாரம் வழியாக இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ள ரஸ்தாவில் ஏறுகிறார்கள். அயோத்தியாப்பட்டணம் சென்று, அங்கே கோதண்டராமரைத் தரிசித்து, குப்பனூரை அடைந்து, கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதை மற்றொன்று. நமது வோட்டு இரண்டாவதற்கே. கூட்டம் குறைவு, நிழல் அதிகம். சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகளும், கீழே காப்பிச் செடிகளும் வழியெல்லாம் உடன் வருகின்றன. காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் 1820-க்குப் பின் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை. காப்பிக்கும் முன்னே, துரைக்கும் முன்னே இந்த மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள். கேரள தேசத்தாரை எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்றும் அவர்கள் கதை சொல்லுவார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் அவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.

மலையேரிகளில் உல்லாசப் படகு விடும் வழக்கம் நம் நாட்டில் துரைமார்களால் வந்தது. உதகமண்டலத்து ஏரியை 1823-ஆம் ஆண்டு தொடங்கி வெட்டுவித்தவர் சல்லிவன் துரை. கோடைக்கானல் ஏரியை 1863-இல் உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் துரை. தூத்துக்குடியிலிருந்து அங்கே முதற்படகைக் கொண்டுவந்தவரும் அவரே. மோட்டார் ரஸ்தா இல்லாத அக்காலத்தில் அந்தப் படகு எப்படி மலையேறியிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். நிச்சயமாகத் துரையின் தோளில் ஏறியிராது. 1890-இல் அங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. பொதுஜனங்களுக்கு அதன் கதவு திறந்தது 1932-இல்தான். நாற்பத்திரண்டு வருஷம் நம்மவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இடையிலே, 1906-இல், அதே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துவிட்டார். மலைமேல் படகேற விடாதவர்களைச் சமுத்திரத்திலேயே எதிர்த்துக் கப்பல் விட்ட தமிழனுடைய நெஞ்சுரத்தை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

இன்று எந்த ஏரியிலும் எவரும் படகேறலாம். துரைமார் போய்விட்டார்கள். ஆனால் துரைத்தனம் போயிற்றா என்பதுதான் கேள்வி. வாடகை கொடுத்துப் படகை எடுத்த மறுகணமே நம்மில் சிலருக்குத் தலையில் கண்ணுக்குத் தெரியாத தொப்பி ஒன்று முளைத்துவிடுகிறது. "இன்னும் நாலு பேரை ஏற்று, குழந்தைகள்தானே!" "அந்தப் பக்கம் விடு, பணம் கொடுக்கவில்லையா?" "போட்டோ எடுக்கவேண்டும், எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்!" படகோட்டி தயங்கினால் அவனை அதட்டுகிறோம். அவன் ஏழை, பேசாமலிருந்துவிடுகிறான். தண்ணீருக்கோ நம் பணமும் தெரியாது, நம் பதவியும் தெரியாது.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகச் சுற்றிவரப் படகேறிய உறவினர் கூட்டத்தில் 22 பேர் மாண்டார்கள். படகில் பாரம் அதிகம். லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டை இல்லை. ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கூடுவது போலக் கூடி வந்தவர்கள் அவர்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2009 செப்டம்பர் 30-ந் தேதி, தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வனவிலங்கைப் பார்க்கும் ஆவலில் ஜனங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் அந்த விபத்தில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. இத்தாலியில் இப்படியெல்லாம் நடக்காது என்று நண்பர் சொல்லக்கூடும். 2023 மே மாதம் 28-ந் தேதி, கோமோவுக்கு மேற்கேயுள்ள மஜ்ஜோரே ஏரியில், 15 பேருக்கான படகில் இருபதுக்கும் அதிகமானவர்கள் போனார்கள். திடீர்ப் புயலில் படகு கவிழ்ந்து நால்வர் உயிர் துறந்தார்கள். மூன்று இடத்திலும் தண்ணீர் வேறு, பாஷை வேறு. தலைகளை எண்ண மறுத்தது மட்டும் ஒன்று.

ஆகையால் ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏரிக்கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தாரின் படகுத்துறை இருக்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு என்று மூன்று வகை. மிதிபடகு குழந்தைகளுக்குக் குதூகலம். ஆனால் மிதிக்கிறவருக்கு முழங்காலைத் தவிர வேறு காட்சி தெரியாது. விசைப்படகு ஏறியமர்ந்த சூட்டோடு திரும்பக் கரையில் கொண்டுவந்து தள்ளிவிடும். அதன் சத்தத்தில் பறவைகளும் பறந்துவிடும். துடுப்புப் படகை முழுவதுமாக நம் குடும்பத்துக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். கோமோவின் தனிப்படகு இதுதான்; செலவுதான் வேறு. இத்தனை பேர்தான் என்று படகுத்துறையில் சொன்னால் இத்தனை பேர்தான். மடியிலிருக்கும் குழந்தையும் ஒரு தலையே. மிதவைச் சட்டை வியர்வை நாற்றமடிக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் மாமாக்களை மாமிகள்தாம் கவனிக்கவேண்டும்.

படகு கரையைவிட்டு நகர்ந்ததும் படகோட்டியோடு பேசுங்கள். எந்த மாதம் மூடுபனி எதிர்க்கரையை மறைக்கும், எந்த மழைக்கு ஏரி வழியும், எந்த மரத்தில் எந்தப் பறவை தங்கும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அவன் "உட்காருங்கள்" என்றால் உட்கார்ந்துவிட வேண்டும். மேகத்தைப் பார்த்து "திரும்புவோம்" என்றால் திரும்பிவிட வேண்டும். தின்பண்டக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் தண்ணீரில் போடுகிறவர்களைக் கோமோவில் நமது நண்பர் பார்த்தாரோ இல்லையோ, ஏற்காட்டில் நாம் பார்த்திருக்கிறோம். பூணூலும் போட்டிருந்தார்கள், பூட்ஸும் போட்டிருந்தார்கள். ஜாதி வித்தியாசம் இல்லை. அந்த ஏரி நிறைந்து வழியும் நீர்தான் கிளியூர் அருவியாகக் கீழே விழுகிறது. படகில் வீசியதை அருவியில் குளிக்கப் போகும்போது சந்திக்க நேரலாம்.

கோடை விழா நாட்களில் போவதைத் தவிர்ப்பது உத்தமம். படகுக்குக் காத்திருக்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஏரி நிறைந்திருக்கும். ஆனால் மலை ரஸ்தாவின் நிலைமையை விசாரித்துக்கொண்டே புறப்படவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு ரஸ்தாவில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. காலையில் சீக்கிரம் ஏரிக்கு வந்துவிடுங்கள். மத்தியானத்துக்குள் படகும் அருவியும் முடிந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கொட்டச்சேடு வழியாக இறங்கினால், விளக்கேற்றும் நேரத்துக்குக் குப்பனூர் வந்து சேரலாம்.