இயங்க மறுக்கும் படகு யந்திரம்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துவிட்டால், திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தம் ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்பதைக் காட்டிலும், சித்தூர்ப் பக்கத்து மலைகளில் எவ்வளவு பெய்தது, கிருஷ்ணாபுரத்து அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டார்களா என்பதையே ஜனங்கள் அதிகக் கவலையோடு விசாரிக்கிறார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் நம் ஆறுகளின் தலைப்பு இன்னமும் ஆந்திரத்தில்தான் இருக்கிறது. அங்கே மதகு உயர்ந்தால், கொசஸ்தலை ஆற்றில் பெருகும் பிரவாகம் பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்துக்கொண்டு பூண்டியை நோக்கி ஓடுகிறது. 2021 நவம்பரில் அவ்வாறு பாலங்கள் மூழ்கிக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டதை இப்பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அத்தகைய சந்தர்ப்பத்தில், மறுகரையில் பிரசவ வேதனையோடு ஒரு பெண் காத்திருக்க, இக்கரையில் படகும் இருந்து, ஓட்ட ஆளும் இருந்து, யந்திரம் மட்டும் உயிர் பெற மறுக்குமானால், அந்தப் படகு இருந்ததனால் விளைந்த பிரயோஜனம் யாது? வெள்ள நிவாரணத்துக்கென்று வாங்கி வைக்கும் படகுகளைப் பற்றி நாம் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். கடைசியாக எந்தத் தேதியில் அவை தண்ணீரில் இயங்கின என்று கேட்பதில்லை. வெள்ளத்தன்று வெளிப்படும் கோளாறு அன்று உண்டானதன்று என்பதும், சித்திரை வைகாசி வெயிலில் படகு கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தபோதே அது உண்டாகிவிட்டது என்பதும் யந்திரத்தோடு பழகியவர் எவரும் அறிந்த விஷயம்.

நம்முடைய மணற்பாங்கான, ஆழமற்ற ஆறுகளுக்கு ஜெட் படகு மிகவும் ஏற்றது என்று சொல்வோர் உண்டு; அதில் நியாயமும் இருக்கிறது. நியூஸிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளில் செல்வதற்கென்றே 1950களில் வில்லியம் ஹாமில்டன் அதைச் செம்மைப்படுத்தினார். அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறம் விசையோடு பீய்ச்சி முன்னேறுவதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி அதில் கிடையாது. நீரில் தத்தளிக்கும் மனிதரின் அருகே செல்லும்போது அது பெரிய பாதுகாப்பு. 1977-இல் எட்மண்ட் ஹிலாரி கங்கையின் முகத்துவாரத்திலிருந்து மூன்று ஜெட் படகுகளில் நதியை எதிர்த்தேறி, நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும்வரை சென்றார். அந்தப் பிரயாணத்தில் படகோட்டியவர்களுள் ஹாமில்டனின் மகனும் இருந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யந்திரத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் உருவாக்கத் தெரிந்த குடும்பத்தினர் சுக்கான் பிடித்த படகுகள் அவை. நம் ஊர்ப் படகுக்கு அந்தப் பாக்கியம் இல்லையென்றால், அதைப் பழுது பார்க்கும் அறிவையாவது படகின் அருகே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அந்த அறிவு அப்படி ஒன்றும் எட்டாத வித்தையன்று. சாவியைத் திருப்பியதும் யந்திரத்தில் யாதொரு சலனமும் இல்லாவிட்டால், ஓட்டுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி தன் இடத்தில் இருக்கிறதா, கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதற்றத்தில் இவ்விரண்டையும் மறந்துவிட்டு யந்திரத்தையே கழற்ற முற்படுகிறவர்கள் உண்டு. ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருக்கிறது. பேட்டரி நன்றாயிருந்தும் யந்திரம் சுழல மறுத்தால், ஜெட் படகுக்கே உரிய ஓர் அபாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான ஜெட் படகுகளில் நீரை உறிஞ்சும் சக்கரம் யந்திரத்தோடு நேரே பிணைந்திருப்பதனால், வெள்ளம் அடித்து வந்த ஆகாயத்தாமரையோ கந்தல் சேலையோ கூழாங்கல்லோ அதில் சிக்கிக்கொண்டால் யந்திரமே இறுகி நின்றுவிடும். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகல்லாமல் அங்கே யாரும் கையை விடலாகாது.

யந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார் மெக்கானிக். அது நனைந்து பெட்ரோல் நெடி வீசினால், சோக்கை இழுத்து இழுத்து யந்திரத்தைத் திணற அடித்திருக்கிறார்கள். துடைத்து உலர்த்தி, சோக்கை விட்டுவிட்டு முயன்றால் போதும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை; டாங்கின் காற்றுத் துவாரம் மூடியிருக்கிறதா, குழாயில் உள்ள ரப்பர்ப் பந்தை அழுத்தினால் இறுகுகிறதா என்று பார்ப்பார். பிளக் துவாரத்தில் தண்ணீரே தென்பட்டால், அதை வெளியேற்றாமல் பிளக்கை மாட்டிப் பலவந்தமாகச் சுழற்றுவது பெரும் பிழை. தண்ணீரை அமுக்க முடியாதாகையால் உள்ளிருக்கும் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். யந்திரம் படகின் உட்புறத்தில் இருக்குமானால், அடித்தளத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியைக் காற்றாடி கொண்டு வெளியேற்றாமல் சாவியையே தொடக் கூடாது.

இவற்றையெல்லாம்விடச் சாமானியமான காரணம் பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் தேங்கி நின்ற பெட்ரோல் கார்புரேட்டரின் மெல்லிய துவாரங்களில் பிசின்போல் படிந்துவிடுகிறது என்பது பழைய செய்தி. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025-இல் இருபது சதவிகிதத்தை எட்டியிருப்பதால் இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் கூடிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். யந்திரத்துக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. தினந்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தங்குவதற்கே அவகாசம் இராது. ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடக்கும் வெள்ளப் படகுக்கோ இது பெரும் சத்துரு. படகைக் கிடங்கில் ஏற்றும்போது டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும் என்ற சிறு விதியை நிறைவேற்றப் பணம் வேண்டியதில்லை, ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

திருத்தணிக்கு மிக அருகே அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருக்கிறது. படகும் யந்திரமும் அவர்களுக்கு அன்றாடத் தொழில். ஆனால் பெருமழைக் காலத்தில் அவர்கள் சென்னைக்கோ கடலூருக்கோ போகவேண்டி நேரலாம். ஆகவே அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது வெள்ளத்தன்று உதவி மாத்திரமன்று, கோடையில் கல்வியும்தான். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஊர்களில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் இளைஞர்களுள் ஆர்வமுள்ளவர்களைத் தேர்ந்து, பட்டாலியனிடம் பயிற்சி பெறச் செய்து, அந்நாட்களுக்கு உரிய கூலியையும் மாவட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுவது அவர்கள் கைக்குப் புதிதன்று. படகுக்கே உரிய சில நுணுக்கங்களைக் கற்பித்தாலே போதுமானது.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு படகு யந்திரத்தையும் இயக்கிப் பார்ப்பதும் அவர்கள் கடமையாக வேண்டும். குளிர்விக்கும் நீரின்றி ஓட்டினால் நீரேற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடுமாதலால், ஏரிகள் வறண்ட காலத்தில் பின்புறம் பொருத்தும் யந்திரத்தின் கால் பகுதியைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் அமிழ்த்தியும், ஜெட் யந்திரமானால் அதற்குரிய இணைப்பில் குழாய் மாட்டியும் இயக்க வேண்டும். புரட்டாசியில் மட்டும், ஆட்களை ஏற்றி, நீருள்ள ஓர் ஏரியில் முழு ஒத்திகை நடத்த வேண்டும். இயங்கிய தேதி, இயக்கியவர் பெயர், யந்திரம் உயிர் பெற எத்தனை முயற்சி தேவைப்பட்டது ஆகிய மூன்றையும் எழுதிய தாளை ஊராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். அதற்கான உத்தரவை மாவட்ட ஆட்சியர் இவ்வாண்டு ஆவணிக்குள் பிறப்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.