கணிப்பொறி வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. எனினும், கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. வடிவமைப்பும் வீடியோத் தொகுப்பும் கற்று, அதையே பிழைப்பாகக் கொள்ள விரும்பும் மகனோ மகளோ, “இந்தக் கணிப்பொறியில் வேலை ஓடவில்லை, புதிது வேண்டும்” என்று கேட்கும்போது, கோணல் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. கேட்டதை உடனே வாங்கித் தருவதும் சரியன்று. ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் சரியன்று. இத்திங்கள் இதுபற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இயந்திரம் புதிதன்று. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த நாள்முதல், லேத்தின் முன் நின்று உழைத்துத் தம் மக்களைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். சிறு பட்டறை வைத்தவர் ஒரு லேத்து வாங்கப் போனால், ‘எது பெரியது?’ என்று கேட்கமாட்டார். ‘நமக்கு வரும் வேலை எது?’ என்பதையே முதலில் எண்ணுவார். வேலைக்கு மிஞ்சிய இயந்திரம் முதலைத் தின்னும். வேலைக்குப் போதாத இயந்திரம் பேரைக் கெடுக்கும். தந்தையர் அறிந்த இவ்வுண்மையே மக்களின் கணிப்பொறிக்கும் பொருந்தும்.

இத்தொழிலுக்கு நம் வட்டாரத்தில் எதிர்காலம் இல்லை என்றும் கூறிவிட முடியாது. 1994இல் வெளிவந்த ‘மகாநதி’ திரைப்படம் ஆவிட் என்னும் கணிப்பொறி முறையில் தொகுக்கப்பெற்றபோது, அது பெரிய தயாரிப்பாளர்களுக்கு மட்டுமே எட்டிய வசதி. இன்றோ, சிறிய அறையில் அமர்ந்து ஒருவரே திருமணப் படத்தைத் தொகுத்து முடிக்கிறார். பூந்தமல்லி அருகே ரூபாய் 500 கோடிச் செலவில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024இல் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆகவே, பிள்ளைகளின் ஆவலை வீண் கனவென்று ஒதுக்காமல், அதனை நெறிப்படுத்துவதே நம் கடமையாகும்.

பழையதைப் பழிக்குமுன்

வேலை மெதுவாக நடக்கிறது என்றால், காரணம் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் ஓர் அட்டவணை தோன்றும். வழக்கமான வேலையை ஓடவிட்டு அதனைக் கவனிக்க வேண்டும். நூறு விழுக்காட்டைத் தொட்டு நிற்பது பிராசசரா, ராம் எனப்படும் நினைவகமா, தட்டா என்று அது காட்டிவிடும். நோயறிந்த பின்னரே மருந்து வாங்க வேண்டும் அன்றோ?

பழைய கணிப்பொறிகள் பலவற்றில் நோய் சுழலும் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது. அது நொடிக்கு ஏறத்தாழ 150 எம்.பி. அளவே படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. தட்டு 500 எம்.பி.க்கு மேல் படிக்கும்; சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பன்மடங்கு. அழைப்பிதழ், பதாகை, புத்தக அமைப்பு ஆகிய வேலைகளுக்கு எஸ்.எஸ்.டி.யும் 16 ஜி.பி. ராமும் இருந்தாலே பெரும்பாலும் போதும். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு அவ்வேலைகளுக்குத் தேவைப்படுவது அரிது.

ஆனால், எல்லாப் பழைய கணிப்பொறியும் மேம்படுத்தத் தக்கதன்று. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. ஆப்பிள் நிறுவனத்தின் எம் வரிசைக் கணிப்பொறிகளிலும் இதே நிலைதான். வாங்கும் நாளிலேயே அளவை முடிவு செய்தாக வேண்டும். மேலும், விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்க, இன்டெல் பிராசசர் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையினதாகவேனும் இருத்தல் வேண்டும். அதற்கும் பழைய கணிப்பொறிக்குப் பணம் செலவிடுமுன் இருமுறை எண்ணுதல் நலம்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்வோம். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறிக் கூடங்களுக்கு நினைவகம் மிகுதியாகத் தேவைப்பட்டதால், 2025இன் இறுதியில் ராமின் விலை கடுமையாக உயர்ந்தது. ஆதலால், நண்பர் சொன்ன பழைய விலையை நம்பிப் புறப்படாமல், மின்சார ரயிலேறி ரிச்சி தெரு சென்று இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையை எழுதி வாங்குதல் வேண்டும். ரசீதும் உத்தரவாதமும் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

வீடியோவின் தேவை வேறு

வீடியோத் தொகுப்புக்கு உண்மையிலேயே வலுவான கணிப்பொறி தேவை. காரணம் இதுதான்: இன்றைய காமிராக்கள் படத்தை மிகவும் இறுக்கிச் சுருட்டிப் பதிவு செய்கின்றன. தொகுக்கும்போது நொடிக்கு 25 அல்லது 50 படங்களை அவ்வப்போதே விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. புதிய காமிராக்களின் 10 பிட், 4:2:2 என்னும் பதிவை விரிப்பதற்கென்று தனி உறுப்பு இல்லாத கணிப்பொறி, விலை அதிகமாயினும் திணறும். உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட இன்டெல் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் எச்.265 வகைப் பதிவுக்கு இவ்வசதி உண்டு; பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்து நின்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். என்விடியா கார்டுகளில் 2025இல் வெளிவந்த 50 வரிசையில்தான் இவ்வசதி வந்தது. ஆகவே, கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: “உன் காமிரா எந்த வகையில் பதிவு செய்கிறது?” இதற்கு விடை தெரியாமல் வாங்கும் கணிப்பொறி குருட்டு வாணிபமே.

வலுவற்ற கணிப்பொறியிலும் ஒரு வழி உண்டு. முற்காலத்தில் கோடம்பாக்கத்துப் படத்தொகுப்பாளர் மூல நெகட்டிவை வெட்டமாட்டார்; அதிலிருந்து எடுத்த ரஷ் பிரதியை வெட்டி ஒட்டித் தொகுப்பார்; முடிவான பின்னரே நெகட்டிவ் அதற்கேற்ப வெட்டப்படும். இன்றைய மென்பொருள்களிலும் ‘பிராக்சி’ என்னும் பெயரால் அதே முறை இருக்கிறது. மூலப்படத்திலிருந்து சிறிய அளவில் ஒரு பிரதி எடுத்து, அதில் தொகுத்து, இறுதியில் மூலத்திலிருந்தே முழுப்படத்தை வெளியிடலாம். பிரதி எடுக்க ஓரிரவு ஆகலாம்; ஆனால் ஓராண்டுத் தவணை மிச்சமாகும். தொடக்க நிலையில் உள்ளவருக்கு இது பெரிய உதவி.

மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். திருட்டுப் பிரதி நேர்மைக்கு முரணானது. அதனோடு வரும் தீய நிரல்கள் உழைப்பனைத்தையும் அழிக்கவும் கூடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே யு.எச்.டி. அளவு வரை படத்தை வெளியிடும். வடிவமைப்புக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. வருவாய் பெருகியபின் சந்தா செலுத்தும் மென்பொருள்களை நாடலாம்.

திரையும் எழுத்தும்

அச்சு வேலை செய்வோர் ஒன்றை மறந்துவிடலாகாது. திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சகமோ நான்கு மைகளால் வண்ணம் தீட்டுகிறது. மலிவான திரையில் பட்டுச்சேலையின் அரக்கு நிறம் ஒன்றாகவும், அழைப்பிதழில் வேறாகவும் வரும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை நல்ல ஐ.பி.எஸ். திரைக்குத் திருப்புவது வடிவமைப்பாளருக்குப் பெரும் பயன் தரும். எத்துணை நல்ல திரையாயினும், மொத்த அச்சுக்கு முன் ஒரு மாதிரித் தாள் எடுத்துப் பார்த்தல் நன்று.

பழைய கணிப்பொறியை விற்குமுன், அதிலுள்ள தமிழ் வேலைகள் புதியதில் திறக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதில் பழைய எழுத்துருக்களைக் கொண்டு அமைத்த மலர்களும் பத்திரிகைகளும் யூனிக்கோடு முறையில் தாமாக மாறிவிடா. எழுத்துரு இன்றித் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆகவே எழுத்துருக்களையும் சேமித்து, முடிந்த வேலைகளைப் பி.டி.எஃப். வடிவிலும் எடுத்து வைப்பது அறிவுடைமை.

மீண்டும் நடவாத நாள்

வேகத்தைவிடப் பெரிது பாதுகாப்பு. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்யும் காமிரா, ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். இரண்டு காமிராக்கள் ஐந்து மணி நேரம் ஓடினால், ஒரு திருமணத்துக்கு 450 ஜி.பி. ஆகிறது. இதனை ஒரே தட்டில் வைத்து, அத்தட்டு பழுதுபட்டால் என்ன ஆகும்? திருமணமோ புதுநன்மையோ மறுபடி நடத்திப் படமெடுக்கக் கூடியதன்று. பாட்டியார் பேரனை ஆசீர்வதித்த காட்சி போனால் போனதுதான். எந்த ஈட்டுத் தொகையும் அதனை மீட்டுத் தராது.

எனவே, வேலை ஒப்படைக்கும் வரையில் மூன்று பிரதிகள், இரு வேறு வகைத் தட்டுகளில், அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் என்பதை விதியாகக் கொள்ளல் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. கணிப்பொறியைத் தரையில் வைக்கலாகாது. மின்தடையைத் தாங்க யூ.பி.எஸ். வேண்டும், வீட்டு இன்வெர்ட்டர் மாறும் கணத்திலேயே சில கணிப்பொறிகள் அணைந்துவிடுகின்றன. இவற்றுக்கான தொகையைக் கணிப்பொறியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது இழப்புக்கு அடிகோலும்.

தவணையும் திருமண மாதங்களும்

கடன் வாங்குவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கணிப்பொறி தவணைக் கட்டணங்கள் உட்பட 96,000 ரூபாய் ஆகிறது, பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். திங்கள்தோறும் 8,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் திருமண வேலை திங்கள்தோறும் வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் திருமணம் வைப்பதில்லை. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் கோவில்களில் திருமணங்கள் அருகிவிடும். வேலை நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே, நல்ல மாதத்து வருவாயைக் கொண்டு அல்ல, வேலையற்ற மாதத்தையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்த வருவாயைக் கொண்டே தவணையைத் தீர்மானிக்க வேண்டும். அவ்வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை விழுங்குமானால், சிறிய கணிப்பொறியே போதும் என்பது நம் கருத்து.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்திலும் மயங்க வேண்டாம். சுழி விழுக்காடு வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பதை 2013இலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. வட்டி, கட்டணமாகவோ இழந்த தள்ளுபடியாகவோ எங்கேனும் ஒளிந்திருக்கும். ரொக்க விலை என்ன, தவணைகளின் கூட்டுத்தொகை என்ன என்று இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை புதிய கணிப்பொறி கேட்டால், ஒரு தாளும் எழுதுகோலும் கொடுங்கள். கடந்த ஆறு திங்களில் செய்த வேலைகள், அவற்றால் வந்த தொகை, எந்த வேலை எந்த இடத்தில் தடைப்பட்டது என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். அத்தாள் காலியாக இருந்தால், இருக்கும் கணிப்பொறியிலேயே இன்னும் சிறிது பழகட்டும். அது நிரம்பியிருந்து, தடை கணிப்பொறியில்தான் என்று தெளிவானால், தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். இளைஞர்களே! அத்தாளைக் கேட்பதற்கு முன்பே நீங்களே எழுதி நீட்டுங்கள். தந்தையின் சேமிப்பிலிருந்து வருகிற ஒவ்வொரு ரூபாயும் எத்தனை நாள் உழைப்பு என்பதை அறிந்து கேட்கும் பிள்ளைக்கு, மனமுவந்து கொடுக்காத பெற்றோர் அரிதிலும் அரிது.