கையிலுள்ள மூலதனம்

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் கடன் கேட்டால் வங்கியில் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள், கைத்திறனைப் பார்ப்பதில்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். முந்தானை வேறு நிறமென்றால் புதுப் பாவு நூலை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தில் கை அறிந்த இத்தகைய திறனைத்தான் ஷுல்ட்ஸ், பெக்கர் போன்ற பொருளியலாளர்கள் மனித மூலதனம் என்றார்கள்.

நெய்யத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், காஞ்சிபுரம் நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டிதானே 1928இல் சென்னை தியாகராய நகரில் கடை திறந்தார்! வியாபாரம் பழகினால் வரும். ஆனால் அதைப் பழகத்தான் வாய்ப்பில்லை: கூலிக்கு நெய்பவருக்குப் பாவு நூலும் ஊடு நூலும் டிசைனும் வந்து சேர்கின்றன; சேலை வாங்குபவரின் முகம் தெரிவதே இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள் இளம் நெசவாளர்களுக்கு விலை போடவும் கணக்கு எழுதவும் கற்றுத்தர வேண்டும். வங்கிகளும் அவர்களின் தொழில் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக் கடன் தர வேண்டும்.