திரையை மூடிவிட்டு ஏறும் கம்பம்

தரையிலிருந்து கூரை வரை நிற்கும் உலோகக் கம்பத்தைப் பற்றி ஏறுவது, சுழல்வது, தலைகீழாகத் தொங்குவது. இதை முறையாகக் கற்றுத்தரும் கூடங்கள் மும்பை, டெல்லி, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் இருக்கின்றன. அங்கே கற்றுக்கொண்டு வேலை மாற்றத்திலோ கல்யாணத்திலோ வேறு ஊருக்குப் போனவர்களுக்கு வீடுதான் பயிற்சிக்கூடம். கம்பம் வாங்குவது கடினமல்ல. இணையக் கடையில் பணம் கட்டினால் நீளமான அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வாசலுக்கு வந்துவிடும். பெட்டியைப் பிரித்த பிறகுதான் சிக்கல். அதை எங்கே நிறுத்துவது? யாரைக் கேட்டு நிறுத்துவது?

இரண்டாவது கேள்விதான் சங்கடமானது. காரணம், இந்தக் கலையின் பூர்வீகம். 1980களில் வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் பரவிய ஆட்டம் இது. 1990களில் அது உடற்பயிற்சி வகுப்புகளுக்குள் நுழைந்தது. 2009இல் இதற்கென ஒரு சர்வதேச சம்மேளனம் உருவாகி, விதிமுறைகளும் நடுவர்களும் வந்தார்கள். 2017இல் உலக விளையாட்டு சம்மேளனங்களின் கூட்டமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. ஆனாலும் பெயர் வெளுக்கவில்லை. வீட்டில் கம்பம் வைத்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் சொல்லும் தைரியம் எத்தனை பெண்களுக்கு இருக்கும்? பெட்டியில் வந்தது திரைச்சீலைக் கம்பி என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் திரைச்சீலைக் கம்பி 60 கிலோ எடையைத் தாங்க வேண்டியதில்லை.

இந்தக் கம்பம் தாங்க வேண்டும். அதுவும் சும்மா தொங்கும் எடையை மட்டுமல்ல. வேகமாகச் சுழலும்போதும், மேலிருந்து சறுக்கிச் சட்டென்று நிற்கும்போதும் கம்பத்தின் மேல் விழும் விசை உடல் எடையைவிடக் கூடுதல். அது பக்கவாட்டிலும் இழுக்கும். அதனால் தேர்வு தொடங்க வேண்டிய இடம் கம்பம் அல்ல, கூரை.

வீட்டுக்கான கம்பங்கள் மூன்று வகை. முதலாவது, துளை போடாமல் தரைக்கும் கூரைக்கும் இடையே திருகி இறுக்கி நிறுத்துவது. மேல்முனையில் ஒரு குமிழ்த் தட்டு கூரையை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டாவது, கூரையில் துளையிட்டு போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்துவது. மூன்றாவது, கூரையைத் தொடாமல் கனமான மேடைத் தட்டின் மீது தானே நிற்பது. வாடகை வீட்டுக்கு மூன்றாவது ஏற்றது. ஆனால் விலையும் எடையும் அதிகம், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலோர் வாங்குவது முதல் வகைதான்.

அதனுடன் வரும் கையேடு பெரும்பாலும் மேல்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. கூரைப் பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தேடச் சொல்லும். நம் அடுக்குமாடிகளில் அந்த வேலை இல்லை. மேலே இருப்பது கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். இது நமக்கு அனுகூலம். தளத்தின் நட்டநடுவைவிட உத்தரத்தை ஒட்டிய பகுதி இன்னும் விறைப்பானது. ஆனால் கான்கிரீட்டை மறைத்து ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அனுகூலம் போய்விட்டது. அது விளக்குகளைத் தாங்கும், ஆளைத் தாங்காது. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ், ஓடு, தகரக் கூரை எதுவும் இதற்கு உதவாது. காரை உதிர்ந்து கம்பி தெரியும் தளத்தை நினைத்தே பார்க்கக் கூடாது.

துளை போடுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மின்விசிறிக்கான ஒயரிங் குழாய் பெரும்பாலும் தளத்துக்குள்தான் ஓடுகிறது. எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியாமல் டிரில்லரை வைப்பது விபரீதம். தரையையும் பார்க்க வேண்டும். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டினால் சில இடங்களில் வெற்றொலி கேட்கும். அடியில் சிமென்ட் பிடிக்காத இடம் அது. அங்கே கம்பத்தின் அடித்தட்டை வைத்து இறுக்கினால் டைல் விரிசல் விடும், கம்பமும் தளரும்.

அடுத்தது உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிப்பறைக்குச் சொல்லும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர். வழக்கமான கம்பங்கள் பலவும் இணைப்புத் துண்டு இல்லாமல் எட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 10 அடி உயர அறைக்கு அது போதாது. கூடுதல் துண்டு வாங்க வேண்டும். கட்டையைச் செருகி ஈடுகட்டுவது கூடவே கூடாது. வாங்குவதற்கு முன்பே, கம்பம் நிற்கப்போகும் அதே இடத்தில் அளந்துகொள்வது நல்லது. ஓர் அறைக்குள்ளேயே உயரம் மாறுவது நம் கட்டடங்களில் சகஜம். நிறுத்திய பின் கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தால் பார்க்க வேண்டும்.

எந்தக் கையேடும் பேசாத ஒரு விஷயம், மின்விசிறி. கம்பத்தைச் சுற்றிலும் சுமார் 1.5 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். அதாவது 10 அடிக்கு 10 அடி அறை என்றால் கம்பம் நடுவில் வர வேண்டும். நம் வீடுகளில் அந்த நடுவிடத்தில் ஏற்கெனவே ஒருவர் சுழன்றுகொண்டிருக்கிறார். ஒதுக்கி நிறுத்தினால் கால் சுவரில் மோதும். விசிறியை நிறுத்திவிட்டு ஆடினால் வியர்வையில் கை வழுக்கும். விசிறியைச் சுவருக்கு மாற்றுவதுதான் வழி. அதைச் செய்ய முடியாத அறை இதற்கான அறை அல்ல.

கூரை தேறிவிட்டால் கம்பத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். 45 மில்லிமீட்டர் விட்டம்தான் இன்று போட்டிகளின் அளவு. பெரும்பாலான கைகளுக்கு அடங்கும். சிறிய கைகளுக்கு 40 மில்லிமீட்டரும் கிடைக்கிறது. குரோம் பூச்சு பரவலானது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அது சற்று வழுக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களுக்குப் பித்தளை நல்ல பிடிமானம் தருகிறது. நிற்கவும் சுழலவும் மாற்றிக்கொள்ளக்கூடிய கம்பம் என்றால், ஆரம்பத்தில் அதைச் சுழலாத நிலையில் பூட்டிவைத்துக் கற்பதே முறை. செலவை மிச்சப்படுத்த மாடிப்படிக் கைப்பிடிக் குழாயை வெல்டிங் பட்டறையில் வெட்டி நிறுத்தும் யோசனை சிலருக்கு வரும். அந்தக் குழாய் ஒருவர் சாய்வதற்கானது, தொங்குவதற்கானது அல்ல. அலங்காரத்துக்கென்று மலிவாக விற்கும் மெல்லிய கம்பங்களும் அப்படித்தான். தாங்கும் எடை எழுதியிராத கம்பத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

பயிற்சிக்கு முன் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவக் கூடாது. உலோகத்தைப் பிடிப்பது துணி அல்ல, தோல். குட்டை உடுப்பின் ரகசியம் இவ்வளவுதான். முழங்கால் மடிப்பும் தொடையும் கம்பத்தில் பட்டால்தான் உடல் நிற்கும்.

இதே நியாயம் மல்லகம்பத்துக்கும் உண்டு. அதில் ஏறும் ஆண்கள் லங்கோடு மட்டும் கட்டுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. தேக்கிலோ சீஷத்திலோ செய்து, மண்ணில் புதைத்து, உராய்வு குறைய விளக்கெண்ணெய் பூசிய கம்பம் அது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஜிராவின் ஆசான் பாலம்பட் தாதா தேவ்தர் அதற்கு மறுவாழ்வு தந்தார் என்கிறது மராட்டிய மரபு. மத்தியப் பிரதேசம் 2013இல் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019இல் மும்பை சிவாஜி பார்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தது. அங்கே பல ஆண்டுகள் அதைக் கற்பித்த உதய் தேஷ்பாண்டே 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். மரக் கம்பத்துக்கு விருது, உலோகக் கம்பத்துக்குத் திரைச்சீலை.

தமிழில் இதற்கு ஒரு சொல் தேடினால் முதலில் வருவது கழைக்கூத்து. கழை என்றால் மூங்கில். தெருவில் மூங்கிலை நட்டு அதன் உச்சியில் உடலைச் சுழற்றியவர்களை நாம் வாய்பிளந்து பார்த்தோம், காசு போட்டோம். மதிப்பு மட்டும் தரவில்லை. ஆக, கம்பத்தில் ஏறுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. யார் ஏறுகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று பார்த்து மரியாதையைக் கூட்டுவதும் குறைப்பதும்கூடப் புதிதல்ல.

அந்தப் பழக்கத்துக்கு இப்போது ஒரு விலை இருக்கிறது. வெட்கப்பட்டு வாங்கிய கம்பத்துக்காகப் பொறியாளரை அழைத்துத் தளத்தைக் காட்ட மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க மாட்டார்கள். எலெக்ட்ரீஷியனிடம் விசிறியை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் தாழிட்டுத் தனியாக ஏறுவார்கள். தலைகீழாகத் தொங்கக் கற்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அடியில் கனமான மெத்தை கிடக்க வேண்டும் என்பது இதன் பாலபாடம். கழுத்து தரையில் மோதினால் கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் வேண்டும். தாழிட்ட அறையில் அது நடக்காது.

ஆகவே கம்பம் வாங்க நினைக்கும் பெண் மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வாங்குவது உசிதம். கூரையின் சொந்தக்காரர், கூரையைப் படிக்கத் தெரிந்தவர், பயிற்சி நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவர். ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் கம்பத்தை ஆட்டிப் பார்த்து, இறுக்கம் தளரவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவராக இருக்க நேர்ந்தால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிரிக்காமல், தளம் எத்தனை அங்குலம் என்று கேட்கலாம்.